தலைமதகின் அடியில்

வைகாசி. ஆற்றில் தண்ணீர் இல்லை.
ஆறு என்ற பெயர் மட்டும் பலகையில் இருந்தது.
மதகுக்கு அடியில் சேறு வாரிய பிபினின் மண்வெட்டி
கல்லில் பட்டது.
வெறும் கல்லின் சத்தம் அது இல்லை.

கையால் துடைத்தான். ஒரு வால்.
இன்னும் துடைத்தான். வேறு திசையில் இன்னொரு வால்.
மூன்றாவது வால் வந்தபோது
மற்றவர்கள் சட்டிகளை இறக்கிவிட்டார்கள்.
மூன்று உடல்.
செதில் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு.
தலை ஒன்றுதான்.
கண் ஒன்றுதான்.

நான் இந்த மதகின் லஸ்கர்.
பத்தொன்பது வருடமாகச் சாவி என் இடுப்பில்.
எத்தனை ராத்திரி இதற்கு நேர் மேலே நின்று
டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்திருப்பேன்.
கீழே ஒன்று
கண் மூடாமல் கிடந்தது தெரியாது.

இரண்டு உடலை உள்ளங்கையால் மறைத்தால்
மூன்றாவது முழு மீன்.
எந்த இரண்டை மறைத்தாலும் அப்படித்தான்.
கையை எடுத்தால்தான்
யாருக்கோ குறைகிறது.
தாராசுரத்துச் சுவரில் காளையும் யானையும்
இப்படித்தான் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு
காலம் தள்ளுகின்றன.

"எங்க ஊர்ல கல்யாணம்னா
அம்மா சுவத்துல இது போடும்" என்றான் பிபின்.
எதுக்கு?
"போடும்."

போட்டோ எடுத்து மெஹராஜுக்கு அனுப்பினேன்.
நாகூர்க்காரன், ஐடிஐ தோழன்,
கப்பலில் இன்ஜின் அறை.
மூன்றாம் நாள் அவனிடமிருந்து ஒரு படம்:
எகிப்தில் கரையிறங்கியபோது மியூசியத்தில் எடுத்தது.
கண்ணாடிக்குப் பின்னால் நீலக் கிண்ணம்,
அடியில் அதே மூன்று, அதே ஒன்று.
"மச்சான், இது உன் மதகுக்கு எப்ப வந்துச்சு?"
அந்தக் கிண்ணத்துக்கு எப்போது போனது என்று
நான் கேட்க இருந்தேன்.

ஜீப்பில் வந்த ரெஜினா மேடம்
செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.
"மூணு வாய்க்கால், ஒரு தலைமதகு.
எவனோ பங்கு எழுதி வெச்சிருக்கான்."
பிறகு அவரே,
"இருக்காது. மதகு வெள்ளைக்காரன் கட்டினது.
கல்லு அதுக்கும் மூத்தது."

எனக்குப் பங்கு என்ற சொல் ஒட்டிக்கொண்டது.
முறை வைக்கும் வருஷங்களில்
மூன்று ஊரும் என் வாசலில் நிற்கும்.
தெற்கு வாய்க்கால்காரர்கள்
ஒருமுறை பூட்டையே அறுத்தார்கள்,
அன்றைக்கு ஒருவன் மண்டை உடைந்தது.
ஒரு கண்ணுக்கு எப்படி முறை வைப்பது?
எந்த மீன் பார்க்கும் நேரம்
எந்த மீனுக்கு இருட்டு?

தொல்லியல் துறைக்குக் கடிதம் போனது.
பதிலுக்கு முன்
மேட்டூரில் தேதி வந்துவிட்டது.
தார்ப்பாய், அதன்மேல் மணல்,
அதன்மேல் ஓரடி கான்கிரீட்.
"பத்திரமா இருக்கும்" என்றார் மேடம்
என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம், கலவை இறுகுவதற்கு முன்
பிபின் குந்தி உட்கார்ந்திருந்தான்.
கையில் கம்பித் துண்டு.
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
கல்லில் இருந்த மாதிரியும் இல்லை:
மூங்கில் இலை வால்,
வயிறெல்லாம் கட்டம் கட்டமாக,
அது அவன் அம்மாவின் கை.
கண் மட்டும் போடாமல்
கம்பியை என்னிடம் நீட்டினான்.

எனக்கு வரையத் தெரியாது.
இடுப்புச் சாவியை உருவி
அதன் குமிழை ஈரத்தில் ஒருமுறை
அழுத்தி எடுத்தேன்.

ஆனி ஐந்தாம் தேதி
நுரையும் செத்தையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.
வால்கள் முதலில் நனைந்தன.
கண்குழியில் கொஞ்சம் காற்று நின்றிருக்கும்,
ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

ஷட்டர்களைத் திருகினேன்.
வடக்கு. நடு. தெற்கு.
தெற்குக்கு அரைச் சுற்று கூடுதல்,
அதன் கடைமடை தூரம்.